பாண்டி பெடலை மிதிக்கவில்லை

என் மனைவி வசந்தாவுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அந்தக் கையைப் போக்கியவன் நான். அவளுடைய அண்ணன் பாண்டி அல்ல... நான்!

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். சமயநல்லூருக்கு வந்து என் பட்டறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வழி காட்டுவதற்கு முன்னால் என் புகழைத்தான் பாடுவார்கள். கை போன பெண்ணை மனமுவந்து கட்டிக்கொண்டவர், அப்படி ஒரு மனிதரை இந்தக் காலத்தில் எங்கே பார்ப்பது என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது கூசுகிறது. என்னை அப்படி நினைக்காத ஒருவராவது இந்த உலகத்தில் எனக்கு வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பெட்ரோல் விலை ஏறிப்போய், ஜீப் வைத்திருந்தவர்கள் எல்லாம் வண்டியை வெளியே எடுக்கவே யோசித்த காலம். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், சமயநல்லூரில், ஓலைக்கூரை போட்ட பட்டறை ஒன்று வைத்திருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் கைவேலையின் மேல் எனக்கு அளவில்லாத கர்வம் இருந்தது.

பாண்டி என் சேக்காளி. வாடிப்பட்டிக்காரன். நெல்லும் வாழையும் போட்டிருந்த குடும்பம். தூரத்து முறையில் உறவும் உண்டு. பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை அவன் ஏலத்தில் எடுத்து வந்தான். பச்சை வண்டி. கதவு கிடையாது, மேலே கித்தான் கூரை. வரப்பையும் வாய்க்கால் கரையையும் அது பொருட்படுத்தாது. ஆனால் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது.

"மாப்ள, இதுல டீசல் எஞ்சினை வச்சுக் குடுத்துருவியா?" என்று கேட்டான்.

"வச்சுருவோம்" என்றேன். அதற்கு முன் நான் அந்த வேலையைச் செய்ததே இல்லை!

அந்தச் சாலையில் இருந்த மற்ற பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். "என்ன வேலு, ஜீப்பை ரோடு ரோலர் ஆக்கப் போறியா?" என்று ஒருவர் போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேலி எனக்குள் முள்ளாய்த் தைத்தது. இரவு பகல் பாராமல் உழைத்தேன். எஞ்சின் உட்காரும் இடத்தை வெட்டி ஒட்டினேன். பாரம் தாங்கும் முன்பக்க வில் பட்டைகளைக் கனமாக்கினேன். ஒருநாள் அது உறுமிக்கொண்டு எழுந்தபோது, சாலையில் போன பஸ் டிரைவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். எனக்கு வானத்தில் பறப்பது போல் இருந்தது.

பிறகு ஓட்டிப் பார்க்கப் போனேன்...

பரவைப் பக்கம் நேரான சாலை. டாப் கியர் போட்டு நன்றாக மிதித்தேன். இந்தக் கட்டை வண்டி அப்படிப் பாயும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. எதிரே மாடுகள் குறுக்கிட, காலை எடுத்தேன்.

எஞ்சின் அடங்கவில்லை!

என் கால் பெடலை விட்டு மேலே இருந்தது. பெடல் மட்டும் கீழேயே கிடந்தது. வண்டி அதே வேகத்தில் கத்திக்கொண்டு ஓடியது. பிரேக்கை மிதித்தேன், எஞ்சின் முன்னால் இழுக்கிறது, பிரேக் பின்னால் இழுக்கிறது, நடுவில் வண்டி நடுங்குகிறது. பதறிப்போய்க் கிளட்சை மிதித்து, டீசலை நிறுத்தும் ஸ்டாப் கம்பியைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். பெருங்கூச்சல் போட்டுவிட்டு அடங்கியது. மாடுகளுக்குப் பத்தடி தள்ளி நின்றேன்.

என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. டீசல் பம்புக்குள் ஒரு சின்னக் கம்பி முன்னும் பின்னும் ஓடும். மிதித்தால் முன்னே போய் டீசலைக் கூட்டும். விட்டால் பின்னே வந்து குறைக்கும். புதுப் பம்பில் அந்தக் கம்பி எங்கோ இறுகி, முன்னே போனது போனபடி நின்றுவிட்டது. பம்பைக் கழற்றி மதுரையில் அதற்கென்றே இருக்கும் பட்டறையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது என் கைக்கு அடங்கிய வேலை அல்ல.

கொடுத்தேனா? இல்லை.

கொடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேலுவின் டீசல் ஜீப் முதல் ஓட்டத்திலேயே படுத்துவிட்டது என்று டீக்கடை டீக்கடையாகப் பேசுவார்கள். அதைவிட, பாண்டி மறுநாள் வண்டி எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தான். அவனோடு அவன் தங்கையும் வருவாள் என்று எனக்குத் தெரியும்.

பம்பின் லீவரில் கூடுதலாக ஓர் இழுவை ஸ்பிரிங்கைக் கட்டினேன். கம்பி இறுகினாலும் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துவிடும் என்பது என் கணிப்பு. மறுபடி ஓட்டினேன். சரியாக வந்தது. மறுபடி... சரி. கடைசியாக ஒருமுறை மீண்டும் மாட்டிக்கொண்டு, சற்று நேரம் கழித்துத் தானாக இறங்கியது. புது எஞ்சின் அப்படித்தான் முரண்டு பிடிக்கும், ஓட ஓடப் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் எத்தனையோ கோளாறுகளை இந்த ஒரு பேச்சால் மூடியிருக்கிறோம்!

மறுநாள் பாண்டி வந்தான். வசந்தாவும் வந்தாள்.

அவள் தட்டச்சில் உயர்நிலைத் தேர்வு தேறியவள். மதுரையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சேர வேண்டும். பட்டறையில் நின்றுகொண்டு, நாங்கள் பேசப் பேச, அவள் விரல்கள் கைப்பையின் மேல் தட்டிக்கொண்டே இருந்தன. யார் பேசினாலும் அந்தச் சொற்களை விரல்களால் அடித்துப் பார்ப்பது அவள் பழக்கம்.

"இது மதுரை வரைக்குமாச்சும் போகுமா?" என்று என்னைச் சீண்டினாள்.

பாண்டி ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே கேட்டான்: "எம்புட்டு வரைக்கும் விரட்டலாம் மாப்ள?"

நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன தெரியுமா? புது எஞ்சின், கொஞ்ச நாள் மெதுவாகப் போ. ஜீப் நீளம் குறைந்த, உயரமான வண்டி. வேகத்தில் திருப்பினால் கவிழும். காலை எடுத்தும் வேகம் குறையாவிட்டால் பதறாதே, கிளட்சை மிதித்து ஸ்டாப் கம்பியை இழு. அவ்வளவுதான். வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பேச்சு!

நான் சொன்னது இது: "ஒனக்குத் தைரியம் இருக்க வரைக்கும் விரட்டு."

வசந்தா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம், அவள் வேலையில் சேரப் போன காலையில், அது நடந்தது. பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் கடந்துதான் மதுரைக்குப் போக வேண்டும். கையசைப்பதற்காகச் சுத்தமான சட்டை போட்டிருந்தேன்... அப்போது திண்டுக்கல் பக்கமிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கி ஓடி வந்தார்.

"வேலண்ணே, ஒங்க பச்ச ஜீப்பு கவுந்து கெடக்கு. ஒரு பொம்பளப் புள்ளைக்கு ரொம்ப அடி."

நான் போய்ச் சேர்ந்தபோது, வசந்தாவை ஒரு பஸ்ஸில் கிடத்தி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். பாண்டியும் கூடப் போயிருந்தான். ஜீப் இடது பக்கமாகக் கவிழ்ந்து, தார்ச்சாலையில் நெடுந்தூரம் இழுபட்டுப் போய்ப் பெரியாறு வாய்க்கால் கரை ஓரம் கிடந்தது. சாலையில் அது இழுபட்ட தடம்... அதை நான் உங்களுக்கு விவரிக்க மாட்டேன். அவள் இடது பக்கம் உட்கார்ந்து, வெளியே கம்பியைப் பிடித்திருந்தாள்.

வைக்கோல் வண்டி ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் வண்டிக்குப் பின்னால காத்து மாதிரி வந்தாருய்யா. ஒடிச்சு வலது பக்கம் திருப்புனாரு, அப்படியே சாஞ்சு போச்சு. கவுந்த பெறகும் எஞ்சின் அடங்கலய்யா! சக்கரம் சும்மா சுத்திக்கிட்டே கெடந்துச்சு. ஒரு லாரிக்காரர் வந்து டீசல் டியூபைப் புடுங்கித்தான் நிறுத்துனாரு."

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்!

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்னைத் தெரிந்தவர். "நீதான மெக்கானிக்? வண்டியப் பாத்துக்க. ஒரு டீயக் குடிச்சுட்டு வாரேன்" என்று நடந்தார். கூட்டமும் பஸ் போன திசையில் கலைந்துகொண்டிருந்தது.

நான் பானெட்டைத் திறந்தேன்.

பம்பின் லீவர் முழுவதும் முன்னே போய் நின்றிருந்தது. நான் கட்டிய ஸ்பிரிங் விறைப்பாக இழுத்துக்கொண்டே இருந்தது. பாவம், அதனால் முடியவில்லை. ஸ்பேனரின் அடிப்பக்கத்தால் லேசாகத் தட்டினேன். டக்கென்று லீவர் பின்னே வந்துவிட்டது. இவ்வளவுதானா... இந்த ஒரு தட்டுதானா... என்று நினைத்தது இன்றும் நினைவிருக்கிறது.

ஸ்பிரிங்கைக் கழற்றி வாய்க்காலில் எறிந்தேன். லீவரை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். பட்டாய் ஓடியது. பானெட்டை மூடினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்கிறீர்களா? பயம் என்று சொல்லலாம். ஜெயிலுக்குப் போக வேண்டும், பட்டறை போய்விடும் என்ற பயம். ஆனால் உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்துவிட்டேனே... அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்தது ஜெயில் அல்ல. 'வேலு வச்ச எஞ்சின்' என்று ஊர் பேசப்போகும் பேச்சுத்தான். ஒரு பெண் ரத்தத்தில் மிதந்து போயிருக்கிறாள். நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்!

இதோடு நின்றிருந்தால்கூட, கோழை என்று என்னைத் தள்ளிவிட்டு நீங்கள் போய்விடலாம். இனிமேல் சொல்லப்போவதுதான் நான் செய்த உண்மையான பாவம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாண்டி தரையில் உட்கார்ந்திருந்தான். தலையில் கட்டு. உள்ளே அவன் தங்கையின் கையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சட்டையைப் பற்றினான்.

"மாப்ள, நான் காலை எடுத்துட்டேன்டா. வைக்கோல் வண்டியப் பாத்ததுமே எடுத்துட்டேன். சத்தியமாடா! வண்டி கேக்கல. அது பாட்டுக்கு ஓடுச்சு மாப்ள..."

அவன் கண்கள் என் முகத்தில் எதையோ தேடின. வண்டியைச் செய்தவன் நான். நான் ஒருவன் ஆமாம் என்றால் போதும் அவனுக்கு.

நான் அவன் தோளில் கை வைத்தேன். மிகவும் அன்பாகத்தான் வைத்தேன். "பயத்துல அப்படித்தான்டா தோணும். பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரையே மிதிச்சிருப்ப. பெரிய பெரிய டிரைவருக்கெல்லாம் நடக்கும். காலு அது பாட்டுக்கு மிதிச்சிரும்" என்றேன்.

"இல்ல மாப்ள... எடுத்துட்டேன்..."

"எடுத்திருந்தா வண்டி நின்னுருக்குமே பாண்டி."

அவன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். அந்தப் பார்வை என்னைவிட்டு இன்றுவரை போகவில்லை. செருப்பில்லாத, மண் படிந்த அந்தக் காலை, வேறு யாருடையதோ போல அவன் பார்த்தான்.

வண்டியைச் சோதிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் வந்தபோது நானே எல்லாவற்றையும் காட்டினேன். வைக்கோல் வண்டிக்காரரின் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"கவுந்த அப்புறமும் எஞ்சின் ஓடுச்சாமே?" என்றார்.

"டீசல் எஞ்சின் அப்படித்தான் சார். ஸ்டாப் கம்பியை இழுத்தாத்தான் நிக்கும். யாருக்கும் இழுக்கத் தெரியல" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை! பொய்யை உண்மையாலேயே சொல்ல முடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன். லீவரை அவர் விரலால் அசைத்துப் பார்த்தார். தடையில்லாமல் ஓடியது. அதிவேகமும் கவனக்குறைவும் என்று முடிவாயிற்று.

விசாரணையில் பாண்டி முதலில் காலை எடுத்ததாகத்தான் சொன்னான். கோர்ட்டில் நிற்கும்போது, "மிதிச்சிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்" என்றான். தண்டனை முடிந்து, லைசென்ஸ் போய், சில மாதம் கழித்து என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தவன், நான் கேட்காமலே சொன்னான்: "நீ சொன்னதுதான் சரி மாப்ள. நல்லா யோசிச்சுப் பாத்தேன். மிதிச்சதுதான். இப்ப எனக்கு நல்லாவே ஞாபகம் வருது."

ஞாபகம் வருகிறதாம்... நடக்காத ஒன்று! ஒருவனுடைய நிலத்தை அபகரித்தால் அவனுக்குத் தெரியும், வழக்குப் போடுவான். அவன் காலின் சாட்சியையே நான் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவனுக்கு அது தெரியவே இல்லை.

வசந்தாவை நான் பெண் கேட்டேன். அவளுக்கு வந்திருந்த சம்பந்தம் எல்லாம் நின்றுபோயிருந்தது. அவளுடைய அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

பரிகாரமாகத்தானே கேட்டாய் என்கிறீர்களா? எனக்கே தெரியவில்லை. அவளை எனக்கு முன்பே பிடிக்கும். அந்தப் பச்சை ஜீப் வராமலிருந்தாலும் கேட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் விபத்துக்குப் பிறகு கேட்டதால், அது ஆசையா, குற்றவுணர்வா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியாமலே போய்விட்டது. அவளோடு சிரித்துப் பேசும்போதும் பாதியில் சந்தேகம் வந்துவிடும்... இது யாருடைய சிரிப்பு? புருஷனுடையதா, கடன்காரனுடையதா?

அவள் நல்லவள். கெட்டிக்காரி. ஒரு கையால் சமைப்பாள், குழந்தைகளுக்குச் சடை பின்னக்கூட ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். வானொலியில் செய்தி ஓடும்போது மட்டும் வலது கை விரல்கள் மடியில் தட்டும். இடது கைக்குரிய எழுத்துகள் வரும் இடத்தில் நின்று நின்று தட்டும். அந்த நேரத்தில் நான் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவேன்.

அவள் தன் அண்ணனோடு பேசுவதில்லை. பொங்கலுக்கு அவன் சீர் கொண்டு வந்தால் வாங்கி வைத்துக்கொள்வாள். ஒரு சொல் பேசமாட்டாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"வேகமாப் போனத நான் மன்னிச்சுருவேங்க. மெதுவாப் போண்ணேன்னு சொன்னேன், சிரிச்சாரு. அதுகூடப் போகட்டும். ஆனா ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிச்சதும், காலை எடுத்துட்டேன் தாயி, வண்டியிலதான் கோளாறுன்னு சொன்னாரு பாருங்க... தான் செஞ்ச தப்ப ஒங்க வேல மேல போடப் பாத்தாரே! அதத்தான் என்னால தாங்க முடியல."

எனக்காக! என் பெயரைக் காப்பதற்காக அவள் கூடப்பிறந்தவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். நான் என்ன செய்தேன்? "விடு, போகட்டும்" என்றேன். பெருந்தன்மையாக!

அதற்குப் பிறகு பட்டறை பெருகியது. வண்டி எடுக்க வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, புது எஞ்சினை எப்படிப் பழக்க வேண்டும், வேகம் அடங்காவிட்டால் என்ன செய்ய வேண்டும், ஜீப்பை ஏன் ஒடித்துத் திருப்பக்கூடாது என்றெல்லாம் சொல்லித்தான் அனுப்புவேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். "வேலண்ணனுக்கு எம்புட்டுப் பொறுப்பு!" என்பார்கள். பாண்டியைத் தவிர எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

பாண்டி அதன்பின் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. வயல் உழ டிராக்டர் வாங்கியபோதும் ஓட்டுவதற்கு ஆள் வைத்துக்கொண்டான். மதுரைக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் டிரைவரைப் பார்க்க முடியாத கடைசி இருக்கையில் உட்காருவான்.

எண்பதுகளில் ஒரு கோடையில் என் மாமனாருக்கு, அவன் அப்பாவுக்கு, நெஞ்சுவலி வந்தது. நடுப்பகல். களத்தில் அவர்களுடைய வேன் நின்றிருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. டிரைவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். வீட்டில் ஓட்டத் தெரிந்தவன் பாண்டி மட்டும். ஏறி உட்கார்ந்தானாம். சாவியைப் போட்டானாம். வலது காலைப் பெடலின் மேல் வைத்ததும் உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியிருக்கிறது. இறங்கி, வெயிலில் வாடிப்பட்டிக் கடைவீதி வரை ஓடி, ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதற்குள் பெரியவர் போய்விட்டார்.

துக்க வீட்டில், பந்தலுக்கு வெளியே என்னிடம் சொன்னான். நான் அவன் தங்கை புருஷன் ஆனபிறகு, என்னை நீ என்று அவன் அழைப்பதில்லை.

"ஏறிட்டேன் மாப்ள. ஆனா இந்தக் காலை நம்பி எங்கப்பாவ எப்படி ஏத்துவேன்? இது சொன்னபடி கேக்காத காலு. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்குத்தான் தெரியுமே...!

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தேன். கோழைக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. காரியம் முடிந்த மறுநாள் அவன் வாழைத் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மடை திருப்பிவிட்டு வந்தவனை வரப்பில் உட்காரவைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பரவைச் சாலையில் பெடல் மாட்டியது, ஸ்பிரிங் கட்டியது, மறைத்தது, லீவரைத் தட்டி இறக்கியது, வாய்க்காலில் எறிந்தது... ஆஸ்பத்திரி வராந்தாவில் வேண்டுமென்றே அவனைக் குழப்பியது.

"நீங்க காலை எடுத்துட்டீங்க மச்சான். மிதிக்கல. நீங்க பொய் சொல்லல, நான்தான் சொன்னேன்" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனத்தைத் தயாராக்கி வைத்திருந்தேன். மண்வெட்டி அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அவன் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"எங்கப்பா செத்ததுல நான் ஒடிஞ்சு போயிருக்கேன்னு, எனக்காக இப்படி ஒரு கதையக் கட்டிக்கிட்டு வந்தீகளா மாப்ள?"

"கதையில்ல மச்சான்! சத்தியம்!"

"வேண்டாம். ஒங்க வேல எனக்குத் தெரியாதா? கோளாறு இருக்க வண்டிய எங்க கையில குடுப்பீகளா, அதுவும் வசந்தா ஏறப்போற வண்டிய? நான் மிதிச்சது எனக்கே ஞாபகம் இருக்கு மாப்ள. பெடலு அடி வரைக்கும் போனது இந்தப் பாதத்துல இன்னமும் இருக்கு."

நான் மன்றாடினேன். வைக்கோல் வண்டிக்காரரைக் கேட்கலாம் என்றேன்; அவர் எப்போதோ இறந்துவிட்டார் என்றான். ஜீப் பழைய இரும்புக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. எல்லாச் சாட்சியையும் அழித்தவன் நானேதான்! நான் அழுததைக்கூட அவன் என் அன்பாகவே எடுத்துக்கொண்டான். மேல்துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டான்.

இதோடும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போனேன். வாசலில் பாண்டியின் செருப்புக் கிடந்தது. உள்ளே பேச்சுக் குரல். வசந்தாவின் குரல்... அவனோடு பேசுகிறாள்!

என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணனுக்காகப் பழியத் தூக்கி ஒங்க மேல போட்டுக்கிட்டீகளாமே? எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஒங்களுக்காகத்தாங்க இம்புட்டு வருசமா அவரோட பேசாம கெடந்தேன். நீங்களே இப்படி எறங்கி வந்த பெறகு நான் என்ன வீம்பு பிடிக்கிறது?"

இப்போது சொல், இப்போது சொல் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய் அண்ணனுக்கு இலையைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஒன்ன மன்னிச்சுட்டேண்ணே. இனிமே அதப் பேச வேண்டாம்."

பாண்டி இலையில் கை வைக்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த மன்னிப்புக்காக அவ்வளவு நன்றியோடு அழுத ஒரு மனிதனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு வந்து சேர வேண்டிய கேள்வி அது. மன்னிப்பதா, காறித் துப்புவதா என்று அவள் என்னைப் பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். என் கண்ணெதிரே அது வேறொருவன் இலையில் விழுந்துவிட்டது.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் அவளும் நம்பமாட்டாள் என்பது ஒரு பக்கம். நம்பிவிட்டால்...? அந்த வீட்டில் அன்றுதான் முளைத்த பேச்சு என்னவாகும்? இந்தக் கேள்விகூட, எனக்கு வசதியாக நானே கட்டிக்கொண்ட இன்னொரு ஸ்பிரிங்தானோ? தெரியவில்லை... நிஜமாகவே தெரியவில்லை.

"ஏன் நின்னுக்கிட்டே இருக்கீக? நீங்களும் ஒக்காருங்க மாப்ள" என்று பாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினான்.

வசந்தா எனக்கும் ஓர் இலை போட்டாள்.

நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன்.